மைக் பிடித்த மாமியார்

"டைப்பிஸ்டா? நான் டைப்பிஸ்டா? என் ஜென்மத்துல ஒரு டைப்ரைட்டரைத் தொட்டிருக்கேனா, சொல்லு!"

"மெதுவாப் பேசு வைனெல். தெருவே கேக்குது."

"கேக்கட்டுமே! உங்கம்மா காதுலயும் விழட்டும்! ஜார்ஜியா வரைக்கும் விழட்டும்!"

தெரு கேட்டதோ இல்லையோ, நான் கேட்டேன். கேட்காமல் என்ன செய்வது? சண்டை நடந்ததே என் அழகு நிலையத்தில்தான். வைனெலின் பாதித் தலை என் கையில் சுருட்டைக் குழல்களோடு இருந்தது. மீதித் தலை ஹார்லன் பக்கம் திரும்பித் திரும்பி உலுக்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு வார்த்தை கத்தினால் ஒரு குழல் கழன்று விழும். அன்றைக்கு நான் குனிந்து பொறுக்கியதில் இடுப்பே விட்டுப்போனது.

எங்கள் ஸ்வீட்கம் ஊற்றுக்கு வருகிறவர்கள் காரை நெடுஞ்சாலை ஓரம் நிறுத்தியதும் முதலில் பார்ப்பது என் கடையைத்தான். அடுத்துத்தான் ஊற்றின் டிக்கெட் கூண்டு. மீன் வால் மாட்டிக்கொண்டு ஊற்றுத் தண்ணீருக்குள் காட்சி நடத்துகிற கடற்கன்னிகள் எல்லோருக்கும் நான்தான் தலை வாரிவிடுகிறவள். வருஷம் பூராவும் ஒரே குளிரில் இருக்கிற அந்தத் தண்ணீரில் தினம் மூன்று காட்சி முங்கினால் தலைமுடி பாசி நிறத்துக்குப் போய்விடும். அதைப் பொன்னிறமாக்கி மறுபடி தண்ணீருக்கு அனுப்புவது என் பிழைப்பு. ஈரத்தலைப் பெண்கள் உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்காது. ஆக, இந்த ஊரில் எனக்குத் தெரியாதது என்று பெரிதாக எதுவும் கிடையாது.

வைனெல் எங்கள் ஊற்றின் கெட்டிக்காரக் கடற்கன்னி. வாலை மாட்டிக்கொண்டு ஊற்றின் வாய் வரைக்கும் இறங்கி, நிதானமாக ஒரு வாழைப்பழத்தை உரித்துத் தின்று, ஒரு சோடாவையும் குடித்துவிட்டு, காற்றுக் குழாயிலிருந்து ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு சிரித்தபடி மேலே வருவாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கட்டிய கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற குழந்தைகள் வாயைப் பிளந்து பார்க்கும். குழந்தைகள் மட்டும்தானா? பக்கத்து ஊரில் இன்ஷூரன்ஸ் விற்கிற ஹார்லன் டகிலும் அப்படித்தான் வாயைப் பிளந்தான். தன் வேலையை மறந்து காட்சிக்குக் காட்சி வந்தான். கடைசியில் மோதிரமும் போட்டான்.

மோதிரம் அவன் அம்மா கொடுத்தனுப்பியது. அம்மா யூலா அம்மாள், ஜார்ஜியாவில் பாப்டிஸ்ட் கிறிஸ்தவ சபையின் தூண். அந்தச் சபையில் ஆணும் பெண்ணும் ஒரே தண்ணீரில் இறங்கினால் மறுமையில் நேராக நெருப்புதான். சபைச் சுற்றுலாவில்கூடக் காலையில் பெண்கள் குளத்தில் இறங்குவார்கள், மதியம் ஆண்கள். நடுவில் ஒரு மணி நேரம் யாரும் இறங்கக் கூடாது. தண்ணீர் ஆறட்டும் என்றோ என்னவோ. இப்படிப்பட்ட தாய்க்குப் பிறந்த பிள்ளை, 'நான் கட்டிக்கப்போற பொண்ணு அரை உடம்பு மீனு' என்று எப்படிச் சொல்வான்? "ஊத்து ஆபீஸ்ல டைப்பிஸ்டும்மா" என்று சொல்லிவிட்டான். இப்போது அந்த அம்மாள் மருமகளைப் பார்க்கச் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறாள்.

"ஒரே ஒரு நாள் வைனெல். டிக்கெட் கூண்டுல உக்காந்துக்கோ. அம்மா பாத்துட்டு, ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடுவாங்க. கல்யாணத்துக்கப்புறம் நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

"கல்யாணத்துக்கப்புறம் யாருக்கு எதுக்குடா சொல்லணும்? அதுக்குள்ள வாலை எடுத்து மூலையில போட வச்சுடுவே. அதானே உன் திட்டம்?"

ஹார்லன் தொப்பியை மடித்து விரித்து, மடித்து விரித்துக்கொண்டிருந்தான்.

"மிஸ் வெர்னா, நீங்களே சொல்லுங்க. நான் என்ன திருட்டு வேலையா பண்றேன்?"

"என்னை ஏன் கண்ணு இழுக்கறே? நான் தலையை மட்டும்தான் பாக்கறேன்" என்றேன். சொல்வதற்கு ஆயிரம் இருந்தது. ஆனால் பேசினால் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும்.

கடைசியில் அவள் ஒப்புக்கொண்டாள். அவன்மேல் அவளுக்கு ஆசை. பொய் சொல்கிறானே தவிர, பையன் கெட்டவன் இல்லை. பார்க்கவும் லட்சணமாக இருப்பான். "ஒரே நாள். அதுக்கப்புறம் நீயே உங்கம்மாகிட்ட உண்மையைச் சொல்லணும். வாலும் வேணும், நீயும் வேணும் எனக்கு. ரெண்டுல ஒண்ணுன்னு என்னை நிறுத்திடாதே" என்றாள். அவன் தலையை ஆட்டினான். அந்த ஆட்டலை நான் கண்ணாடியில் பார்த்தேன். என் வாடிக்கைக்காரிகள் "நல்லா ஒட்ட வெட்டுங்க, ஆனா குட்டையா வேண்டாம்" என்று சொல்லும்போது நானும் அப்படித்தான் ஆட்டுவேன்.

சனிக்கிழமை நான் கடையை மூடிவிட்டேன். கதவில் 'உடம்பு சரியில்லை' என்று அட்டை தொங்கவிட்டுக் கொட்டகையில் இரண்டாம் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி, "உடம்பு எப்படி இருக்கு வெர்னா?" என்று கேட்டாள். "உக்காந்தா தேவலை" என்றேன்.

ஆனால் டிக்கெட் கூண்டில் வைனெல் இல்லை. காலையில்தான் கலவரம். அன்றைக்கு இறங்க வேண்டிய டார்லீனுக்குக் காதுவலி. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காது வலிக்கிறவளை ஆழத்துக்கு அனுப்ப முடியாது. வெளியே இரண்டு பள்ளிக்கூட பஸ் வந்து நிற்கிறது. வைனெல் கூண்டிலிருந்து ஓடி, நல்ல உடுப்பைக் கழற்றிப்போட்டு, வாலை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டாள். எப்போதும் இறங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவாள். அன்றைக்கு மாமியார் கண்ணில் படட்டும் என்று துடைத்துப் போட்டிருந்த மோதிரம். அவசரத்தில் விரலிலேயே தங்கிவிட்டது.

யூலா அம்மாள் தொப்பியும் கையுறையுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெரிய உருவம். நாற்காலி முனகியது.

"எங்கடா உன் டைப்பிஸ்டு? கூண்டுல ஆளே இல்ல."

"ஏதோ வேலையா போயிருக்காம்மா. வந்துடுவா."

"சனிக்கிழமை என்னடா டைப் அடிக்கற வேலை?"

"அவசரமா ஒரு... மீனுங்க கணக்கும்மா."

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு இருமல் வந்துவிட்டது. யூலா அம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் என் இருமல் நின்றது.

திரை விலகியது. பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். நீர்க்குமிழிகளின் நடுவிலிருந்து வைனெல் வந்தாள். ஹார்லன் நாற்காலியில் கீழே கீழே சரிந்தான். யூலா அம்மாள் கையுறையைக் கழற்றிவிட்டு முன்னால் சாய்ந்தாள்.

"அய்யோ, பாவம்டா அந்தப் பொண்ணு. குளிராதா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "என்ன நேர்த்தியா சாப்பிடறா பாரு. நம்ம சபையில தரைமேல உக்காந்துகூட இப்படிச் சிந்தாம சாப்பிடறவங்க கிடையாது" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது. "ஏண்டா, உள்ள ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்லம்மா." பாவம், அன்றைக்கு அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

காட்சியின் கடைசியில் கடற்கன்னி கண்ணாடிக்கு வந்து உள்ளங்கையை வைப்பாள். குழந்தைகள் ஓடிப்போய் இந்தப் பக்கத்திலிருந்து தங்கள் கையை வைப்பார்கள். அவளுக்கு யார் கை என்று தெரியாது. நீச்சல் கண்ணாடி இல்லாமல் தண்ணீருக்குள் கண் திறந்தால் எல்லாம் கரைந்த சாயம்தான். ஆள் நிற்கிறாரா, தூண் நிற்கிறதா என்றுகூடத் தெரியாது. எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி சிரித்து வைப்பாள். அதுதான் தொழில்.

குழந்தைகள் கூட்டத்தில் ஒரு குட்டிப்பெண்ணுக்கு எட்டவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழ ஆரம்பித்தது. யூலா அம்மாள் எழுந்து, யார் பெற்ற பிள்ளையோ, அதை அப்படியே தூக்கிக் கண்ணாடியில் ஒட்டினாள். குட்டிக் கைக்கு எதிரே வைனெலின் கை வந்து பதிந்தது. யூலா அம்மாளின் மூக்குக்கு நேரே மோதிரம்.

நீலக்கல். இரண்டு பக்கமும் முத்து. ஒரு முத்து எப்போதோ விழுந்துபோனதால், பல் வைத்தியம் பார்க்கிற யூலா அம்மாளின் தம்பி அந்தக் குழியைப் பல் அடைக்கிற சிமிட்டியால் அடைத்திருந்தான். உலகத்தில் வேறு எந்த மோதிரத்துக்கும் பல் அடைத்திருக்க மாட்டார்கள்.

யூலா அம்மாள் கத்தவில்லை. குழந்தையைக் கீழே இறக்கினாள். திரும்பினாள்.

"ஹார்லன்."

"அம்மா..."

"அது எங்கம்மா மோதிரம்."

அவன் வாயைத் திறப்பதற்குள் குழந்தைகள் கத்தினார்கள். குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும். யூலா அம்மாளின் தாய்வீட்டுப் பெண்களின் விரல் பருமனுக்குச் செய்த மோதிரம் அது. வைனெல் உள்ளே நூல் சுற்றித்தான் போட்டிருந்தாள். கையை எடுத்து டாட்டா காட்டியதும் நூல் நழுவி, மோதிரமும் நழுவியது. மெதுவாக, எல்லோரும் பார்க்கச் சுழன்று சுழன்று இறங்கியது. ஒரு மீன் வந்து முகர்ந்து பார்த்தது. பிடிக்காமல் போய்விட்டது. மோதிரம் அடி மணலில் உட்கார்ந்தது.

வைனெலுக்கு விரல் வெறுமையானது உடனே தெரிந்துவிட்டது. சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது, ஏனென்றால் காட்சி முடியும் வரை சிரிப்பை எடுக்கக் கூடாது. ஆனால் கை இரண்டும் மணலில் துழாவ ஆரம்பித்தன. எட்டடி தள்ளித் துழாவினாள். மோதிரம் இங்கே, இவள் அங்கே. எங்கள் ஊற்று எதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. விழுந்ததைக் கொஞ்ச நேரத்தில் உருட்டி ஆற்றில் தள்ளிவிடும். ஆற்றுக்குப் போனால் போனதுதான். மோதிரம் அசையவும் ஆரம்பித்தது.

கொட்டகையின் ஓரத்தில் ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் உட்கார்ந்து மைக்கில் கதை சொல்கிறவனும், காற்றுக் குழாயின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவனும் ஒருத்தனேதான், பேஸ்கம். அந்த மைக் பேச்சு தண்ணீருக்குள்ளும் கேட்கும். கடற்கன்னிகளுக்கு அதுதான் கடிகாரம், கண் எல்லாம். பேஸ்கம் வெளிறிப்போய் எழுந்து நின்றான். அவன் இடத்திலிருந்து கண்ணாடியின் ஒரு மூலைதான் தெரியும்.

யூலா அம்மாள் நேராக நடந்து போனாள். அவள் நடந்த வேகத்தில் கூட்டம் தானாக விலகியது.

"அதைக் குடு தம்பி."

"மேடம், வெளியாளுங்க மைக்கை..."

"குடுன்னேன்."

அவன் கொடுத்தான். ஒயர் நீளமானது. அவள் அதை இழுத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏ பொண்ணு! கேக்குதா? கேட்டா வாலை ஆட்டு."

வால் ஆடியது. கொட்டகை கைதட்டியது. அவர்களுக்கு இதுவும் காட்சியில் ஒரு பகுதி.

"உன் இடது கை பக்கம் போ. இடது! அது வலதும்மா, சோறு திங்கற கை! ஆங், அப்படி. இன்னும் போ. போ. நில்லு! போதும், தாண்டாதே. இப்ப குனி. புல்லைப் பிடுங்காதே, புல்லு என்ன பண்ணிச்சு உன்னை? உனக்கு முன்னால ஒரு ஆமை வருது பாரு. பாக்க முடியாதா? சரி, நான் பாக்கறேன். ஐயோ, அது மோதிரத்துமேலயே உக்காந்துடுச்சு! தம்பி, இந்த ஆமைக்குப் பேரு கீரு இருக்கா?"

"போதகர், மேடம்."

"என்னது?"

"பேரு போதகர். எழுந்திரிக்கவே மாட்டாரு, நடுவுல தூங்குவாரு. அதனால வச்சோம்."

யூலா அம்மாள் ஒரு நொடி மைக்கை விலக்கிப் பிடித்தாள். மறுபடி வாயருகே கொண்டுவந்தாள். "பொண்ணு, முதல்ல போய் ஒரு மூச்சு எடுத்துட்டு வா. மூச்சு முக்கியம், மோதிரம் எங்கயும் போகாது, மேல ஆள் உக்காந்திருக்காரு. எடுத்தியா? சரி. இப்ப போதகரை மரியாதையா ரெண்டு கையால தூக்கி அந்தாண்ட வை. கடிக்கப் போறாரு, வாய்ப் பக்கம் வேண்டாம்! அங்கதான். அங்கயேதான். மணலைத் தடவு. இன்னும் ஒரு விரக்கடை. ஆங்!"

வைனெல் கையை உயர்த்தினாள். விரல் நுனியில் மோதிரம். கொட்டகையே எழுந்து நின்று கத்தியது. இரண்டு பள்ளிக்கூடமும் ஆமைக்கு ஜே போட்டது. ஜென்மத்தில் நான் பார்த்த காட்சிகளில் அதுதான் ஒசத்தி. அதற்காகவே இன்னொரு நாளும் கடையை மூடலாம்.

கூட்டம் கலைந்ததும் நான் மேலே படித்துறைக்குப் போனேன். எனக்கென்ன அங்கே வேலை என்று யாரும் கேட்கவில்லை. தலையைச் சரிசெய்ய வந்தேன் என்று சொல்லலாம் என்று சீப்பைக் கையில் வைத்திருந்தேன்.

வைனெல் தண்ணீரிலிருந்து வெளியே வந்து, வாலைப் படியில் போட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். கண்ணைத் தேய்த்துக்கொண்டே, "பேஸ்கம்! யாருய்யா அந்தக் கிழவி? கோழிக்கூண்டுல நரி பூந்த மாதிரி என்னா கத்து கத்துறா! ஆனா ஒண்ணு, அவ இல்லைன்னா மோதிரம் ஆத்துல போயிருக்கும். ஒரு சோடா வாங்கிக் குடு அவளுக்கு" என்றாள்.

அவளுக்குப் பின்னால் துவாலையோடு நின்றிருந்தது யூலா அம்மாள். பேஸ்கம் கண்ணால் ஜாடை காட்டினான். வைனெலுக்குக் கண்ணுக்குள் இன்னும் தண்ணீர், தெரியவில்லை.

"எனக்கு சோடா ஒத்துக்காது. எலுமிச்சை சர்பத்து இருந்தா குடிப்பேன்" என்று துவாலையை அவள் தோளில் போர்த்தினாள் யூலா அம்மாள். "நீதான் மீன் கணக்கு டைப் அடிக்கற பொண்ணா?"

வைனெல் திரும்பினாள். வாயும் மூடவில்லை, கண்ணும் மூடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஹார்லன் படியேறி ஓடிவந்தான். ஓடிவந்தவன் சும்மா நின்றிருந்தால்கூட எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அவன் அம்மா முகத்தைப் பார்த்தான். வைனெல் வாலைப் பார்த்தான். "அம்மா, இது... இன்னைக்கு மட்டும்தாம்மா! ஒரு பொண்ணுக்குக் காதுவலி, அதனால இவ சும்மா உதவிக்கு இறங்கினா. மத்தபடி இவ டைப்பிஸ்டுதாம்மா. இல்ல வைனெல்?"

தண்ணீர் வாலிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

வைனெல் அவனைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சண்டை போடுகிற பெண் இன்னும் கணக்கை முடிக்கவில்லை என்று அர்த்தம். அவள் மோதிரத்தைக் கழற்றி யூலா அம்மாள் கையில் வைத்தாள். "இந்தாங்கம்மா. உங்க பொருள். நான் நாலு வருஷமா கடற்கன்னி. டைப் அடிக்கத் தெரியாது."

"கேட்டியாடா?" என்றாள் யூலா அம்மாள் மகனிடம். "இந்தப் பொண்ணு பொய் சொல்லத் தெரியாம கஷ்டப்படறா, கொஞ்சம் உன்கிட்ட கத்துக்கக் கூடாதா? சரி, ஒரு வழி சொல்றேன். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நம்ம சபையில எழுந்து நில்லு. நான் கட்டிக்கப்போறவ கடற்கன்னின்னு சொல்லு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் எவன் பேசறான்னு நான் பாத்துக்கறேன்."

"சபையில சிரிப்பாங்கம்மா."

"சிரிக்கட்டும்" என்றாள் வைனெல். "நீ சிரிக்க மாட்டேல்ல? அது போதும் எனக்கு."

ஹார்லன் தொப்பியை மடித்தான். விரித்தான். எவ்வளவு நேரம் மடித்து விரித்தானோ, அவ்வளவு நேரமும் அவள் காத்திருந்தாள். பிறகு, "பேஸ்கம், அடுத்த காட்சிக்குக் குழாயைப் பாத்து வை" என்று சொல்லிவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் சரிந்தாள்.

ஹார்லன் காருக்குப் போய்விட்டான். யூலா அம்மாள் மோதிரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பேஸ்கமைக் கூப்பிட்டாள். "ஏன் தம்பி, நிஜமாவே உள்ள ஆம்பளைங்க யாரும் இறங்கறதில்லையா?"

"போதகர் மட்டும்தான் மேடம்."

"போதகர் இருந்தா பாதகமில்லை" என்றவள், வைனெல் மோதிரத்தை எங்கே வைப்பாள் என்று கேட்டு, அந்த ஆணியிலேயே மாட்டினாள். "அவகிட்ட சொல்லு. மோதிரம் எங்கம்மாவோடது, குடுத்தது நான். அவன் நடுவுல கொண்டுவந்த தபால்காரன். நூலை மட்டும் நல்லா சுத்திக்கச் சொல்லு."

அந்த ஞாயிறு ஹார்லன் சபையில் எழுந்து நிற்கவில்லையாம். யூலா அம்மாள்தான் எழுந்து நின்று, தண்ணீருக்கடியில் சிந்தாமல் வாழைப்பழம் சாப்பிடுகிற ஒரு பெண்ணைப் பற்றிச் சாட்சி சொன்னாளாம். யாரும் சிரிக்கவில்லையாம். அவள் பார்வைக்கு முன்னால் நானே இருமலை நிறுத்தியவள், அவர்கள் எம்மாத்திரம்?

அடுத்த குளிர்காலத்தில் யூலா அம்மாள் ஜார்ஜியா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டாள். ஊற்றுக்குப் பின்னால் சக்கரம் வைத்த வண்டிவீட்டில் குடியிருக்கிறாள். மதியக் காட்சிக்கு மைக் அவளுடையது. "முதுகை நிமித்து டார்லீன், கூனி மாதிரி நீந்தாதே" என்று அவள் அதட்டுவதைக் கேட்கவே ஆட்கள் வந்தார்கள். அதட்டல் தாங்காமலோ என்னவோ, டார்லீன் தன் காதுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரையே கட்டிக்கொண்டு டாம்பா நகரத்துக்குப் போய்விட்டாள்.

வைனெல் பேஸ்கமைக் கட்டிக்கொண்டாள். நாலு வருஷமாக அவள் மூச்சுக்குக் காற்று அனுப்பிக்கொண்டிருந்தவன், வாயைத் திறந்து கேட்க இன்னும் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டான். கல்யாணம் படித்துறையில்தான். யூலா அம்மாள் இருக்கும்போது மாப்பிள்ளை அதே தண்ணீரில் இறங்க முடியுமா? பெண் வாலோடு தண்ணீருக்குள், மாப்பிள்ளை கோட்டோடு கரைமேல். குனிந்துதான் மோதிரம் போட்டான். பல் அடைத்த அதே நீலக்கல் மோதிரம். முன்னாள் மாப்பிள்ளையின் பாட்டி மோதிரத்தைப் போட்டு இந்நாள் மாப்பிள்ளை கட்டினான். ஊரில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், அவர்கள் பெயரும் எனக்குத் தெரியும்.

ஹார்லன் ஜாக்சன்வில்லுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அங்கே ஒரு டைப்பிஸ்டைக் கட்டிக்கொண்டான். கல்யாண அழைப்பு எனக்கும் வந்தது. அவளே டைப் அடித்ததாம். பிழை ஒன்றுகூட இல்லை.